வெட்டாமல் வெட்டிப் பார்ப்போம்

கோடைக் காலம் வந்தால் சாலை ஓரத்தில் தர்பூசணி குவிந்து கிடக்கும். நாம் ஒரு பழத்தை எடுக்கிறோம். விரலால் தட்டிப் பார்க்கிறோம். "உள்ளே சிவப்பாக இருக்குமா?" என்று கேட்கிறோம். கடைக்காரர் கத்தியை எடுக்கிறார். பழத்தில் ஒரு சிறு துண்டை முக்கோணமாக வெட்டி எடுத்துக் காட்டுகிறார். சிவப்பு தெரிகிறது. நாம் காசு கொடுக்கிறோம்.

வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. வெட்டினால் தெரியும்.

பழத்தை வெட்டலாம். இரும்பில் செய்த இயந்திர பாகத்தை வெட்டிப் பார்க்க முடியுமா? இன்னும் செய்யவே செய்யாத பாகத்தை எப்படி வெட்டுவது?

இதற்கு ஒரு வழி உண்டு. பொருளை வெட்ட வேண்டாம். மனத்தில் வெட்டலாம். வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படியே தாளில் வரையலாம். அந்தப் படத்துக்கு 'வெட்டுத் தோற்றம்' என்று பெயர். பட்டறைகளில் இதை 'செக்‌ஷன்' என்பார்கள்.

பெங்களூரில் வாழும் ஒரு குடும்பத்தோடு சேர்ந்து நாமும் இதைக் கற்போம்.

1. பீன்யாவில் ஒரு பட்டறை

பெங்களூரு இயந்திரத் தொழிலுக்குப் பேர் பெற்ற ஊர். 1940ல் இங்கே விமானத் தொழிற்சாலை தொடங்கியது. 1948ல் தொலைபேசித் தொழிற்சாலை வந்தது. 1953ல் எச்.எம்.டி. வந்தது. அது லேத் போன்ற இயந்திரங்களைச் செய்தது. பிறகு கைக்கடிகாரமும் செய்தது. 1954ல் பி.இ.எல். வந்தது.

பெரிய தொழிற்சாலைக்குச் சிறிய பாகங்கள் நிறைய வேண்டும். அவற்றைச் செய்து கொடுக்கச் சிறு பட்டறைகள் பெருகின. நகரின் வடமேற்கே தும்கூர் சாலையில் பீன்யா தொழிற்பேட்டை வளர்ந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பட்டறைகள் உள்ளன. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகளை அங்கே கேட்கலாம்.

அங்கே ஒரு பட்டறையில் ஒரு தொழிலாளி இருக்கிறார். வயது 42. தர்மபுரிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் பிழைக்க வந்தவர். பட்டறையில் ஹெல்பர் வேலை. இரும்பைத் தூக்கிக் கொடுப்பார். லேத்தைத் துடைப்பார். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலை அள்ளுவார்.

அவர் எழுதப் படிக்கக் கற்றது சில ஆண்டுகளுக்கு முன்புதான். இரவு வகுப்பில் கற்றார். இப்போது சம்பளச் சீட்டை அவரே சரி பார்க்கிறார். மகள் செல்போனில் அனுப்பும் செய்தியை அவரே படிக்கிறார்.

மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறாள். அது அவளுக்கு முதல் ஆண்டு. மனைவி ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார்.

2. ஐந்து ஜாப் வீணானது

செய்ய வேண்டிய பாகத்தைப் பட்டறையில் 'ஜாப்' என்பார்கள். ஒரு நாள் ஒரு புது ஜாப்புக்கு டிராயிங் வந்தது.

அது ஓர் உருளை. விட்டம் 60 மில்லி மீட்டர். நீளம் 80 மில்லி மீட்டர். நடுவில் ஒரு துளை. துளையின் விட்டம் 20. அது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். வலது முனையில் மட்டும் துளை அகலமாகும். அங்கே விட்டம் 36. அந்த அகலத் துளை 25 மில்லி மீட்டர் ஆழத்தோடு நிற்க வேண்டும்.

உள்ளே இருக்கும் துளைகள் வெளியே தெரியாது அல்லவா? அதனால் டிராயிங்கில் அவற்றை விட்டு விட்டுப் போட்ட சிறு கோடுகளால் காட்டியிருந்தார்கள். மறைந்திருக்கும் விளிம்பை இப்படிக் காட்டுவது வழக்கம். அந்த டிராயிங்கில் எண்ணெய் போகும் ஒரு சிறு துளையும் இருந்தது. கோட்டின் மேல் கோடு விழுந்தது. எந்தக் கோடு எங்கே நிற்கிறது என்று எளிதில் தெரியவில்லை.

லேத்தில் நின்ற இளைஞர் வேலைக்குப் புதியவர். அவசரம் வேறு. 36 துளையை மறுமுனை வரை குடைந்துவிட்டார். ஐந்து ஜாப் முடிந்த பிறகுதான் தவறு தெரிந்தது. குடைந்து எடுத்த இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. ஐந்தும் ஸ்கிராப் பெட்டிக்குப் போயின. இளைஞருக்குத் திட்டு விழுந்தது. சம்பளத்திலும் பிடித்தார்கள்.

ஸ்கிராப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் நம் தொழிலாளி. அவருக்கும் மனம் கனத்தது. காரணம் உண்டு. "லேத்தில் நிற்க ஆள் வேண்டும். டிராயிங் பார்க்கத் தெரிந்தால் சொல்லு" என்று சூப்பர்வைசர் அவரிடம் சொல்லியிருந்தார். லேத் ஓட்டுவதைப் பத்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார். சின்னச் சின்ன வேலைகளைச் செய்தும் இருக்கிறார். டிராயிங் மட்டும் புரியாது.

அன்று அவர் சூப்பர்வைசரைக் கேட்டு, அந்த டிராயிங்கைத் தன் நோட்டில் பார்த்து வரைந்துகொண்டார். நோட்டை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

3. வாழைத்தண்டு சொன்ன பாடம்

மகள் நோட்டைப் பார்த்தாள்.

"இவ்வளவு மறைகோடு இருந்தா யாருக்கும் குழப்பம்தான் வரும் அப்பா. இதை செக்‌ஷனா வரைஞ்சா சுலபமாப் புரியும்" என்றாள்.

"செக்‌ஷன்னா என்னம்மா?"

மகள் சமையல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மூணு துண்டு தண்டு குடும்மா. கத்தியும் வேணும்."

"பொரியலுக்கே பத்தாதுடி."

"பாடம் முடிஞ்சதும் திருப்பித் தந்துடறேன்."

மகள் முதல் துண்டைக் குறுக்கே நேராக வெட்டினாள். வெட்டிய முகத்தைக் காட்டினாள். "இது என்ன வடிவம் அப்பா?"

"வட்டம்."

இரண்டாவது துண்டைச் சாய்வாக வெட்டினாள். "இது?"

"வட்டம்தான். ஆனா நீண்டு போச்சு. முட்டை மாதிரி இருக்கு."

"இதுக்கு நீள்வட்டம்னு பேரு. முட்டையில ஒரு பக்கம் கூரா இருக்கும். இதுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்."

மூன்றாவது துண்டின் நடுவே ஒரு பென்சிலைக் குத்தித் துளை போட்டாள். பிறகு கொஞ்சம் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்தாள். கத்தியின் இரு பக்கமும் தடவினாள். தண்டை நீளவாக்கில் சரி பாதியாகப் பிளந்தாள்.

அப்பா குனிந்து பார்த்தார். பிளந்த முகம் நீள்சதுரமாக இருந்தது. நடுவில் துளை ஒரு வாய்க்கால் போல் ஓடியது. வாய்க்காலின் மேலும் கீழும் மஞ்சள் ஒட்டியிருந்தது. வாய்க்காலுக்குள் மஞ்சள் இல்லை.

"ஏன் அங்கே மஞ்சள் இல்லை?" என்று மகள் கேட்டாள்.

அப்பா யோசித்தார். "அங்கே தண்டே இல்லையே. வெறும் துளைதானே. கத்தி எதுல படும்?"

"அவ்வளவுதான் அப்பா! கத்தி பட்ட இடத்துல சாய்கோடு போடணும். கத்தி படாத இடத்தைச் சும்மா விடணும். இதுதான் செக்‌ஷன்."

அம்மாவும் எட்டிப் பார்த்தார். "இதுக்கா என் மஞ்சளை எடுத்தே?" என்றார். ஆனால் அவரும் தண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

4. ஜாப்பை வரைவோம்

இப்போது அந்த ஜாப்பின் வெட்டுத் தோற்றத்தை வரையலாம். நோட்டும் பென்சிலும் ஸ்கேலும் எடுங்கள். எண்ணெய்த் துளையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் படி: வெளி உருவம். உருளையைப் பக்கவாட்டில் பார்த்தால் நீள்சதுரமாகத் தெரியும். நீளம் 80, உயரம் 60 அளவில் ஒரு நீள்சதுரம் போடுங்கள். உயரத்தின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இது நடுக்கோடு. நீளக்கோடு, சிறுகோடு, நீளக்கோடு, சிறுகோடு என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

இரண்டாம் படி: அகலத் துளை. வலது முனையிலிருந்து உள்ளே 25 அளந்து புள்ளி வையுங்கள். அகலத் துளையின் விட்டம் 36. அதில் பாதி 18. நடுக்கோட்டுக்கு மேலே 18ல் ஒரு கோடு, கீழே 18ல் ஒரு கோடு. இரண்டும் வலது முனையில் தொடங்கி 25 தூரத்தில் நிற்க வேண்டும்.

மூன்றாம் படி: படிக்கோடு. துளை குறுகும் இடத்தில் ஒரு படி இருக்கிறது. அகலத் துளையின் இரண்டு கோடுகளும் நிற்கும் இடத்தை மேலிருந்து கீழாக ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். பலர் இந்தக் கோட்டை மறந்துவிடுவார்கள்.

நான்காம் படி: சிறு துளை. விட்டம் 20. அதில் பாதி 10. நடுக்கோட்டுக்கு மேலே 10ல் ஒரு கோடு, கீழே 10ல் ஒரு கோடு. படிக்கோட்டிலிருந்து இடது முனை வரை போடுங்கள். இந்த நீளம் 80ல் 25 போக 55.

கவனியுங்கள். இவை எல்லாம் முழுக் கோடுகள். விட்டு விட்டுப் போடும் மறைகோடுகள் அல்ல. நாம் வெட்டிவிட்டோம். இப்போது உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஐந்தாம் படி: சாய்கோடு. துளைக்கு மேலே இரும்பு இருக்கிறது. கீழேயும் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் சாய்வாக மெல்லிய கோடுகள் போடுங்கள். சாய்வு 45 பாகை இருக்க வேண்டும். கோட்டுக்குக் கோடு ஒரே இடைவெளி வேண்டும். துளைக்குள் கோடு போடக் கூடாது.

படம் முடிந்தது. இனி அகலத் துளை எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தாலே தெரியும்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சிறு துளை இருக்கும் இடத்தில் சுவரின் கனம் எவ்வளவு? 60ல் 20 போக 40. அதில் பாதி 20. அகலத் துளை இருக்கும் இடத்தில்? 60ல் 36 போக 24. அதில் பாதி 12. அந்த ஐந்து ஜாப்பிலும் முழு நீளத்துக்கும் சுவர் 12 ஆகிவிட்டது. அதனால்தான் அவை உதவாமல் போயின.

5. எங்கே வெட்டினோம்?

ஒரு பொருளை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். வெட்டும் இடம் மாறினால் படமும் மாறும். ஆகவே எங்கே வெட்டினோம் என்று டிராயிங்கிலேயே சொல்ல வேண்டும்.

இதற்கு 'வெட்டுக் கோடு' போடுவார்கள். இதுவும் நடுக்கோடு போல நீளமும் சிறிதுமாக மாறி வரும். ஆனால் இதன் இரு முனைகளும் தடிப்பாக இருக்கும். முனைகளில் அம்புக் குறியும் ஓர் எழுத்தும் இருக்கும். இரு முனையிலும் ஒரே எழுத்து வரும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அந்தப் பக்கம் பார்த்து நாம் நிற்பதாகப் பொருள். நமக்கும் வெட்டுக்கும் இடையில் உள்ள பகுதியை மனத்தில் எடுத்துவிட வேண்டும். மீதிப் பகுதியை வரைய வேண்டும்.

நம் உருளையை முனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டங்கள் தெரியும். அந்தப் படத்தில் வெட்டுக் கோடு நடுவில் மேலிருந்து கீழாகச் செல்லும்.

6. மற்ற உருவங்களை வெட்டினால்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "வேற என்னவெல்லாம் வெட்டலாம்?" என்றார். மகள் சப்பாத்தி மாவில் கொஞ்சம் எடுத்தாள்.

கன சதுரம்: மாவைத் தாயக்கட்டை போல ஆறு பக்கமும் சதுரமாகச் செய்தாள். ஒரு பக்கத்துக்கு இணையாக வெட்டினாள். சதுரம் வந்தது. மேல் விளிம்பிலிருந்து எதிரே உள்ள கீழ் விளிம்புக்குச் சாய்வாக வெட்டினாள். நீள்சதுரம் வந்தது. ஒரு மூலையை மட்டும் சீவினாள். முக்கோணம் வந்தது.

கோளம்: ஓர் எலுமிச்சம்பழத்தைக் கோளமாக வைத்துக்கொண்டாள். எப்படி வெட்டினாலும் வட்டம்தான். நடுவில் வெட்டினால் பெரிய வட்டம். ஓரத்தில் வெட்டினால் சிறிய வட்டம்.

கூம்பு: வேர்க்கடலை மடித்துக் கொடுக்கும் காகிதப் பொட்டலம் தெரியும் அல்லவா? அதுதான் கூம்பு. அந்தப் பொட்டலத்தில் ஈரக் களிமண்ணை அடைத்து, கவிழ்த்து, காகிதத்தை எடுத்தாள். களிமண் கூம்பு கிடைத்தது. இப்படி நான்கைந்து கூம்புகள் செய்துகொண்டாள்.

கூம்பு மற்ற உருவங்களைவிட வேடிக்கையானது. அதை ஐந்து விதமாக வெட்டலாம்.

குறுக்கே நேராக வெட்டினால் வட்டம்.

கொஞ்சம் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம்.

கூம்பின் சரிந்த பக்கத்துக்கு இணையாக வெட்டினால், ஒரு பக்கம் வளைந்து மறுபக்கம் திறந்த வடிவம். இதன் பெயர் பரவளைவு.

அதைவிடச் செங்குத்தாக, உச்சியைத் தொடாமல் வெட்டினால், இன்னும் விரிந்த ஒரு வளைவு. இதன் பெயர் அதிபரவளைவு.

உச்சி வழியாக நேராகக் கீழே பிளந்தால் முக்கோணம்.

களிமண் இல்லாமலும் இதைப் பார்க்கலாம். இரவில் டார்ச் விளக்கை எடுங்கள். டார்ச்சின் ஒளி கூம்பாக விரிகிறது. சுவர்தான் அதை வெட்டும் கத்தி. டார்ச்சைச் சுவருக்கு நேரே பிடியுங்கள். வட்டம் தெரியும். கொஞ்சம் சாயுங்கள். நீள்வட்டம் தெரியும். டார்ச்சைச் சுவர் ஓரமாக வைத்துச் சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். அதிபரவளைவு தெரியும்.

இந்த வளைவுகளை மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே ஆராய்ந்தார்கள். அப்பல்லோனியஸ் என்ற கிரேக்க அறிஞர் 2200 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர். கூம்பை வெட்டினால் வரும் வளைவுகளைப் பற்றி எட்டுப் புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஏழு இன்றும் கிடைக்கின்றன. இன்று மாடிகளில் டி.வி. டிஷ் வைத்திருக்கிறார்களே, அதன் குழிவு பரவளைவில் அமைந்தது. வானிலிருந்து வரும் அலைகளை அந்த வளைவு ஓர் இடத்தில் குவிக்கிறது.

7. கண்ணை ஏமாற்றும் வட்டம்

அப்பா சாய்வாக வெட்டிய வாழைத்தண்டை நிமிர்த்தி வைத்தார். மேலேயிருந்து பார்த்தார். "அட, இப்பவும் வட்டமாத்தானே தெரியுது? நீள்வட்டம் எங்கே போச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. நேர் மேலேயிருந்து பார்த்தால் வெட்டிய முகம் நமக்குச் சாய்ந்து இருக்கிறது. அதனால் அதன் முழு நீளம் தெரியாது. வெட்டிய முகத்துக்கு நேர் எதிரே நின்று பார்த்தால்தான் முழு நீளம் தெரியும். அப்படித் தெரிவதற்கு 'உண்மை வடிவம்' என்று பெயர்.

இது படிப்புக்கு மட்டும் அல்ல. 60 மில்லி மீட்டர் விட்டமுள்ள ஒரு குழாயை 45 பாகை சாய்வாக வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயை மூட ஒரு தகடு வேண்டும். மேலேயிருந்து பார்த்துவிட்டு 60 விட்டத்தில் வட்டத் தகடு வெட்டினால் பொருந்தாது. அகலம் 60தான். ஆனால் நீளம் ஏறக்குறைய 85 வேண்டும். வெல்டிங் பட்டறையில் இதைத் தெரியாமல் தகட்டை வீணாக்குபவர்கள் உண்டு.

8. எல்லோருக்கும் ஒரே விதி

தமிழில் 'அ' என்று எழுதினால் தமிழ் படித்த எல்லோரும் 'அ' என்றே படிப்பார்கள். டிராயிங்கும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு மாதிரி வரைந்தால் யாருக்கும் புரியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை தரும் இந்திய தர அமைப்பு இதற்கும் விதிகள் வகுத்திருக்கிறது. பள்ளி, கல்லூரிகளுக்காக 1988ல் ஒரு நூல் வெளியிட்டது. 2003ல் அதைத் திருத்தி வெளியிட்டது. மகள் படிக்கும் பாடமும் அந்த முறையில்தான் இருக்கிறது.

முக்கியமான விதிகள் இவை:

கத்தி பட்ட இடத்தில் மட்டும் சாய்கோடு போட வேண்டும்.

ஒரே பாகத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே சாய்வு, ஒரே இடைவெளி.

இரண்டு பாகங்கள் ஒட்டி இருந்தால், ஒன்றுக்கு வலப்பக்கச் சாய்வு, மற்றதற்கு இடப்பக்கச் சாய்வு. அப்போதுதான் இவை இரண்டு பாகங்கள் என்று தெரியும்.

வெட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளையும் வரைய வேண்டும்.

போல்ட், நட்டு, ரிவெட், துளையில்லாத ஷாஃப்ட் ஆகியவற்றை நீளவாக்கில் வெட்டுவதில்லை. வெட்டு அவற்றின் வழியாகப் போனாலும் முழுதாகவே வரைய வேண்டும். அவற்றுக்குள்ளே பார்க்க ஒன்றும் இல்லை.

வெட்டியது மனத்தில் மட்டும்தான். ஆகவே இயந்திர பாகங்களின் டிராயிங்கில் மற்றத் தோற்றங்களை முழுப் பொருளாகவே வரைய வேண்டும்.

இரு பக்கமும் ஒரே மாதிரி உள்ள பொருளுக்குப் பாதி வெட்டும் போடலாம். அப்போது படத்தின் ஒரு பாதியில் உள்ளே இருப்பது தெரியும். மறு பாதியில் வெளியே இருப்பது தெரியும்.

9. பூட்டி வைத்த கல்வி

ஒரு பொருளை மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துத் தாளில் துல்லியமாக வரையும் முறையை ஒரு கல்வியாக ஒழுங்குபடுத்தியவர் காஸ்பர் மோஞ். பிரான்ஸ் நாட்டவர். 1746ல் பிறந்தார். ஒரு சிறு வியாபாரியின் மகன். இராணுவப் பள்ளி ஒன்றில் வேலை செய்தபோது, கோட்டை கட்டும் கணக்குகளை வரைபடத்தால் எளிதாகத் தீர்த்துக் காட்டினார்.

அந்த முறை மிகவும் பயன் உள்ளதாக இருந்தது. அதனாலேயே இராணுவம் அதை ரகசியமாக வைத்தது. பல ஆண்டுகள் வெளியாருக்குச் சொல்லிக் கொடுக்க மோஞ்சுக்கு அனுமதி இல்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு 1795ல்தான் அவர் அதை எல்லோரும் அறியப் பாடமாக நடத்தினார். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

ஒரு காலத்தில் சிலர் மட்டும் அறிந்த கல்வி அது. இன்று ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் நம் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். எழுத்தும் ஒரு காலத்தில் இப்படித்தான் சிலர் கையில் இருந்தது. கற்ற பிறகு அது நம்முடையது.

10. லேத் அருகே ஒரு தாள்

வீணான ஐந்து ஜாப்பையும் மறுபடி செய்து கொடுக்க வேண்டும். டிராயிங் மாறவில்லை. அதே மறைகோடுகள்தான். லேத்தில் நின்றவரும் அதே இளைஞர்தான். அவர் கை நடுங்கியது.

நம் தொழிலாளி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டில் அவரே வரைந்த வெட்டுத் தோற்றம் அது. எண்ணெய்த் துளையையும் சேர்த்து வரைந்திருந்தார். முதலில் சூப்பர்வைசரிடம் காட்டினார். சூப்பர்வைசர் டிராயிங்கையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"நான்தான் சார். மகள் சொல்லிக் கொடுத்தா."

"படிக்கிட்ட ஒரு கோடு விட்டுட்டே பாரு" என்று சூப்பர்வைசர் பென்சிலால் அந்தக் கோட்டைப் போட்டார். "மற்றதெல்லாம் சரி. இதை லேத் பக்கத்துல ஒட்டு."

தாள் லேத் அருகே ஒட்டப்பட்டது. இளைஞர் அதைப் பார்த்தார். "36 இங்கேயே நின்னுடுது. இப்பத்தான் அண்ணே தெரியுது" என்றார்.

"கத்தி எங்கே படுதுன்னு பாரு தம்பி. அங்கேதான் கோடு. கோடு இருக்கிற இடத்துல இரும்பை விட்டு வைக்கணும். கோடு இல்லாத இடத்துலதான் குடையணும்."

அன்று மாலை ஐந்து ஜாப்பும் அளவெடுத்துப் பார்க்கப்பட்டன. ஐந்தும் சரி. ஸ்கிராப் பெட்டியில் சீவல் மட்டும் இருந்தது.

மறுவாரம் திங்கட்கிழமை முதல் தினமும் இரண்டு மணி நேரம் லேத்தில் நின்று பழகச் சொன்னார் சூப்பர்வைசர். சம்பளம் இன்னும் ஹெல்பர் சம்பளம்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர் பையில் சோற்றுப் பாத்திரத்தோடு ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கின்றன. எந்த டிராயிங் வந்தாலும், மெஷினைத் தொடும் முன் மனத்தில் ஒரு முறை வெட்டிப் பார்க்கிறார்.

நினைவில் வையுங்கள்

பொருளின் உள்ளே இருப்பதைக் காட்ட வெட்டுத் தோற்றம் வரைகிறோம்.

கத்தி பட்ட இடத்தில் சாய்கோடு உண்டு. துளையில் சாய்கோடு இல்லை.

உருளையைக் குறுக்கே வெட்டினால் வட்டம். சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். நடுவே நீளவாக்கில் வெட்டினால் நீள்சதுரம்.

புரியாத டிராயிங்கை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டாம். கேட்பது குறை அல்ல.

செய்து பாருங்கள்

1. ஒரு கேரட்டை மூன்று இடங்களில் குறுக்கே வெட்டுங்கள். ஒவ்வொரு முகத்தையும் தாளில் வைத்துச் சுற்றி வரையுங்கள். எது பெரிய வட்டம்? ஏன்?

2. ஒரு டம்ளரில் பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். டம்ளரைச் சாயுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு என்ன வடிவம்?

3. உங்கள் வீட்டுக் குழாய் ஒன்றை நீளவாக்கில் பிளந்தால் எப்படித் தெரியும்? நோட்டில் வரைந்து சாய்கோடு போடுங்கள்.

விடை எழுதுங்கள்

1. மறைந்திருக்கும் விளிம்பை எந்தக் கோட்டால் காட்டுவார்கள்?

2. ஐந்து ஜாப்பும் ஏன் வீணாயின?

3. கோளத்தை எப்படி வெட்டினாலும் என்ன வடிவம் கிடைக்கும்?

4. ஓர் உருளையின் விட்டம் 50. நடுவில் உள்ள துளையின் விட்டம் 30. சுவரின் கனம் எவ்வளவு?

5. உங்கள் வேலையில் உள்ளே பார்க்க முடியாத பொருள் எது? அதை எங்கே வெட்டினால் நன்றாகப் புரியும்? நண்பரோடு பேசிப் பாருங்கள்.

புதிய சொற்கள்

உருளை – வாழைத்தண்டு போன்ற உருவம்
கூம்பு – அடி வட்டமாகவும் நுனி கூராகவும் உள்ள உருவம்
கோளம் – பந்து போன்ற உருவம்
விட்டம் – வட்டத்தின் நடு வழியாக ஓரத்திலிருந்து ஓரம் வரை உள்ள அளவு
வெட்டுத் தோற்றம் – மனத்தில் வெட்டிப் பார்த்து வரையும் படம்
உண்மை வடிவம் – வெட்டிய முகத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் வடிவம்